மங்கலாகத் தெரியும் ஆபத்து

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் தென்னகத்தில் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. மே 2-ஆம் தேதி, கேரளத்தின் விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகத்தைப் பிரதமர் நரேந்திர மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். நாடெங்கும் அது தலைப்புச் செய்தியானது. மே 25-ஆம் தேதி, முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுடன் துபாயிலிருந்து வந்து சென்னையில் தரையிறங்கத் தாழ்ந்துகொண்டிருந்த விமானத்தின் மீது, பரங்கிமலைப் பக்கத்திலிருந்து யாரோ லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். விமானி பதற்றப்படாமல் விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கிவிட்டார். காவல்துறை எச்சரிக்கை விடுத்தது. சில நாள்கள் பேசப்பட்ட அந்தச் செய்தி பிறகு மறக்கப்பட்டது.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத செய்திகளாக இவை தோன்றலாம். ஆனால் விழிஞ்ஞம் எங்கே அமைந்திருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்ப்பவர்களுக்குத் தொடர்பு விளங்கிவிடும். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து விழிஞ்ஞம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தென்கிழக்கே இருக்கிறது. அந்த விமான நிலையத்தின் ஒரே ஓடுபாதை வடமேற்கு - தென்கிழக்காக அமைந்தது. தென்கிழக்குத் திசையிலிருந்து இறங்க வரும் ஒவ்வொரு விமானமும் கோவளம், விழிஞ்ஞம் பகுதியை ஒட்டித்தான் தாழ்ந்து வருகிறது. கீழே கடலில் உலகின் மிகப் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்கள் இரவு பகலாக வந்து போகின்றன. அவற்றுக்கு அருகிலேயே மீனவர்களின் சிறு படகுகள் கடலுக்குள் செல்கின்றன. பக்கத்தில் கோவளம் கடற்கரை, அதில் சுற்றுலாப் பயணிகள். விமானம், கப்பல், மீன்பிடிப் படகு, கேளிக்கை ஆகிய நான்கும் இவ்வளவு நெருக்கமாகச் சந்திக்கும் இடம் இந்தியக் கடற்கரையில் அதிகம் இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில், சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு நீல லேசர் விளக்கு என்ன செய்யும் என்பதை தில்லியில் உள்ள அமைச்சகங்கள் சிந்தித்தாக வேண்டும். விழிஞ்ஞத்தில் விபத்து ஏதும் நடந்துவிட்டது என்பதற்காக அல்ல. நடப்பதற்கு முன்பே சிந்திப்பதுதான் அரசின் வேலை என்பதற்காக.

வகுப்பறையிலும் கூட்டங்களிலும் திரையைச் சுட்டிக்காட்டப் பயன்படும் சிவப்பு லேசர் சுட்டிகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவற்றின் ஒளித்திறன் பொதுவாக 1 முதல் 5 மில்லிவாட் வரைதான். நீல லேசர் டயோடு வெகுகாலம் ஆய்வுக்கூடக் கனவாகவே இருந்தது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் பணியாற்றிய ஷூஜி நாகமுரா 1990-களின் நடுவில் அதைச் சாத்தியமாக்கினார். நீல ஒளி உமிழும் டயோடுகளுக்காக அவரும் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோரும் 2014-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். பின்னர் திரைப்படக் கருவிகளுக்காகப் பெருமளவில் தயாரிக்கப்பட்ட சக்திவாய்ந்த நீல டயோடுகள் 2010-ஆம் ஆண்டுவாக்கில் கையடக்க விளக்குகளுக்குள்ளும் புகுந்தன. இன்று 1,000 மில்லிவாட், அதாவது 1 வாட் ஒளித்திறன் கொண்ட நீல விளக்கு எவருக்கும் கிடைக்கிறது. வகுப்பறைச் சுட்டியைப்போல் இது ஆயிரம் மடங்கு வரை வலிமையானது. தீக்குச்சியைப் பற்றவைக்கும், பலூனை வெடிக்கவைக்கும், கறுப்புத் தாளை எரிக்கும். விற்பனை விளம்பரங்களே இவற்றைத்தான் பெருமையாகக் காட்டுகின்றன.

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரம் லேசர் கருவிகளை வகைப்படுத்தியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 மில்லிவாட் வரை இரண்டாம் வகை. 5 மில்லிவாட் வரை 3ஆர் வகை. 500 மில்லிவாட் வரை 3பி வகை. அதற்கு மேற்பட்டவை நான்காம் வகை. நான்காம் வகை லேசரின் நேரடிக் கதிர் மட்டுமல்ல, சுவரில் பட்டுச் சிதறும் ஒளிகூட அருகில் இருப்பவரின் கண்ணைப் பாதிக்கலாம். அது தோலைச் சுடும், தீ மூட்டும். ஆய்வுக்கூடங்களில் இத்தகைய லேசரைப் பூட்டிய அறைக்குள், எச்சரிக்கை விளக்குடன், பயிற்சி பெற்றவர்கள்தான் இயக்குவார்கள். அதே வகைக் கருவி, பூட்டும் அறையும் பயிற்சியும் இல்லாமல், விளையாட்டுப் பொருளைப்போல் கைமாறுகிறது.

நீல லேசருக்கே உரிய ஒரு வஞ்சகமும் உண்டு. மனிதக் கண் பச்சை நிறத்தை மிக நன்றாக உணரும். நீலத்தை மிகக் குறைவாகவே உணரும். 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள 1 வாட் நீல ஒளி, வெறும் 40 மில்லிவாட் பச்சை ஒளியின் அளவுக்குத்தான் பளிச்சென்று தெரியும். ஆனால் விழித்திரை ஏற்கும் வெப்பம் 1 வாட்டுக்கு உரியதுதான். பார்ப்பவர் மங்கல் என்று நினைக்கும்போதே பாதிப்பு முழுமையாக நிகழ்ந்துவிடுகிறது. பிரகாசத்தை வைத்து ஆபத்தை எடைபோடும் மனித இயல்பு இங்கே தோற்றுப்போகிறது.

கண்ணுக்குள் நுழையும் லேசர் கதிரை விழிவில்லை ஒரு நுண்புள்ளியாகக் குவித்துவிடுகிறது. கருவிழிப் பரப்பில் இருந்ததைப்போல் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு செறிவு விழித்திரையில் உண்டாகிறது. பளிச்சென்ற ஒளி பட்டால் கண் இமைப்பதற்குக் கால் விநாடி ஆகும். 1 மில்லிவாட் லேசருக்கு அந்தக் கால் விநாடி போதுமான பாதுகாப்பு. 1 வாட் லேசருக்கு அது மிகத் தாமதம். இமை மூடுவதற்குள் விழித்திரை வெந்துவிடும். நன்றாகக் குவிக்கப்பட்ட 1 வாட் கதிர், கால் விநாடி நேரடியாகக் கண்ணில் பட்டால், 200 மீட்டருக்கும் அப்பால்தான் பாதுகாப்பான எல்லைக்கு வருகிறது. ஒரு படகிலிருந்து மற்றொரு படகுக்கும், துறைமுகச் சுவரிலிருந்து கரைக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் உள்ள மன்னர் காலித் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள் 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கையடக்க நீல லேசரால் பார்வை பாதிக்கப்பட்டு வந்த இளைஞர்களின் நிலையைப் பதிவு செய்திருக்கிறார்கள். கணப்பொழுது ஒளி பட்டதால் சிலருக்கு விழித்திரையின் மையத்தில் துளையே விழுந்திருந்தது. 2008-ஆம் ஆண்டு ரஷியாவில் மாஸ்கோவுக்கு அருகே நடந்த இசைவிழாவில், வானை நோக்கிப் பாய்ச்ச வேண்டிய லேசர் கதிர்கள் மழைக்காகப் போடப்பட்ட கூடாரத்துக்குள் கூட்டத்தின் மீது பாய்ந்தன. சுமார் 30 பேரின் கண்கள் பாதிக்கப்பட்டன. இந்தியாவிலும் 2023-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் பிள்ளையார் ஊர்வலங்களில் பாய்ச்சப்பட்ட லேசர் ஒளியால் விழித்திரையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இளைஞர்கள் மருத்துவமனைகளை நாடினார்கள். அடுத்த ஆண்டு புணே காவல்துறை விழாக் காலத்தில் லேசர் விளக்குகளுக்குத் தடை விதித்தது. விழித்திரையின் மையம் ஒருமுறை எரிந்துவிட்டால் அதைப் பழையபடி ஆக்கும் மருந்து கிடையாது.

ஒளியைப் பற்றி ஓரளவு எச்சரிக்கையாக இருப்பவர்கள்கூடக் கவனிக்கத் தவறுவது, அந்த ஒளிக்குச் சக்தி தரும் பேட்டரியை. இத்தகைய விளக்குகளில் பெரும்பாலும் பயன்படுவது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட, அந்த அளவைக் கொண்டே 18650 என்று அழைக்கப்படும் லித்தியம் அயனி பேட்டரி. அதன் இயல்பான மின்னழுத்தம் 3.7 வோல்ட். முழுமையாக நிரம்பும்போது 4.2 வோல்ட். அதற்கு மேல் ஏற்றினாலும், 2.5 வோல்ட்டுக்குக் கீழே வடியவிட்டு மீண்டும் ஏற்றினாலும் உள்ளே வேதிமாற்றம் கட்டுமீறி, வெப்பமாகி, தீப்பிடிக்க வாய்ப்புண்டு. சாவியும் சில்லறைக் காசும் கிடக்கும் பையில் தனியாகப் போட்டுவைத்தால் இரு முனைகளும் இணைந்து அதே கதிதான். உலோகக் குழாய்க்குள் திருகி மூடப்பட்ட பேட்டரி வெப்பமானால், வாயு வெளியேற வழியின்றிக் குழாயே வெடிக்கும்.

நீல டயோடு இயங்க 4 வோல்ட்டுக்கு மேல் தேவை. எனவே ஒற்றைப் பேட்டரியின் மின்னழுத்தத்தை உயர்த்தி, மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்திவைக்கும் சிறிய மின்சுற்று இடையில் இருக்க வேண்டும். டயோடு சூடாகச் சூடாக அதிக மின்சாரத்தை இழுக்கும். இழுக்க இழுக்க மேலும் சூடாகும். இந்தச் சுழற்சியைத் தடுப்பது அந்த மின்சுற்றுதான். மலிவான கருவிகளில் அதுதான் முதலில் காவு கொடுக்கப்படுகிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. வழக்கமான 1.5 வோல்ட் பென் டார்ச் பேட்டரியின் அதே உருவத்தில் 14500 என்ற லித்தியம் பேட்டரி 3.7 வோல்ட்டில் வருகிறது. உருவம் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றிப் போடுபவர், கருவிக்கு உரியதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான மின்னழுத்தத்தைக் கொடுத்துவிடுகிறார். சிறிது நேரம் ஒளி பிரமாதமாகத் தெரியும்; பிறகு டயோடு கருகும் அல்லது பேட்டரி சூடேறும்.

ஆய்வு, தொழில், கல்வி போன்ற நியாயமான காரணங்களுக்காக இத்தகைய கருவியை வைத்திருப்பவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறை சிக்கலானது அல்ல. பெயருள்ள நிறுவனத்தின், பாதுகாப்புச் சுற்று உள்ள பேட்டரியை மட்டும் பயன்படுத்த வேண்டும். அந்த வகைக்கென்றே செய்யப்பட்ட சார்ஜரில், தீப்பற்றாத பரப்பின் மீது, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மின்னேற்ற வேண்டும். உறை கிழிந்த, நசுங்கிய, உப்பிய பேட்டரியை ஒதுக்கிவிட வேண்டும். விளக்கைத் தொடர்ந்து எரியவிடாமல், குழாய் சூடேறுவதற்குள் அணைக்க வேண்டும். ஏனெனில் ஒளியாக வெளிவருவதைப்போல் இரண்டு மூன்று மடங்கு சக்தி வெப்பமாகக் குழாய்க்குள்ளேயே தங்குகிறது. வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, காப்புறையிலிட்டு, விளக்கையும் பேட்டரியையும் தனித்தனியே பூட்டிவைக்க வேண்டும். கழற்றிய பேட்டரியே குழந்தைகளுக்கான பூட்டு.

கண்ணுக்கான பாதுகாப்பு அடுத்தது. 450 நானோமீட்டர் அலைநீளத்தைக் குறைந்தது பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும், அதாவது ஒளியடர்த்தி எண் 4 அல்லது அதற்கு மேற்பட்டது என்று சான்றளிக்கப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடியை, இயக்குபவர் மட்டுமன்றி அறையில் இருக்கும் அனைவரும் அணிய வேண்டும். வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி இதற்குப் பயன்படாது. சிவப்பு லேசருக்கென்று செய்த கண்ணாடி நீலத்தை அப்படியே உள்ளே விடும். விளக்கோடு இலவசமாகத் தரும் பிளாஸ்டிக் கண்ணாடியை நம்புவது, இல்லாத சுவரில் சாய்வதற்குச் சமம். கதிர் செல்லும் பாதை கண் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எதிரே கண்ணாடியோ, பளபளப்பான பாத்திரமோ, தண்ணீர்ப் பரப்போ இருக்கக் கூடாது. கதிர் முடியும் இடத்தில் ஒளியை உறிஞ்சும், தீப்பற்றாத தடுப்பு வேண்டும். இவை எல்லாம் சுவர்களுக்குள் சாத்தியம். திறந்த வெளியில், அதிலும் கடற்கரையில், இவற்றில் பலவற்றுக்கு வழியே இல்லை. எனவே திறந்த வெளியில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதே சரியான விதி.

விழிஞ்ஞத்தின் நிலைமைக்கு வந்தால் இந்த விதியின் அருமை புரியும். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிமுறைகள், விமான நிலையத்தைச் சுற்றி லேசர் ஒளிக்கான பாதுகாப்பு வளையங்களை வகுத்திருக்கின்றன. உள்வளையத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் 50 நானோவாட்டுக்கு மேல் ஒளி விழக் கூடாது. 18.5 கிலோமீட்டர் வரையிலான அடுத்த வளையத்தில் 5 மைக்ரோவாட்டுக்கு மேல் கூடாது. விழிஞ்ஞம் இந்த இரண்டாவது வளையத்துக்குள் வருகிறது. அங்கே தரையிறங்க வரும் விமானம் ஏறத்தாழ 600 முதல் 700 மீட்டர் உயரத்தில் இருக்கும். 1 வாட் நீல லேசரின் கதிர் ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஒரு மீட்டர் அகலத்துக்கு விரியும் என்று கொண்டால், கண் நீலத்தைக் குறைவாக உணர்வதற்காகக் கணக்கைத் தளர்த்தினாலும், அந்த 5 மைக்ரோவாட் வரம்பை அது தொட்டுவிடுகிறது. அதைவிட அருகில் பறந்தால் மீறிவிடுகிறது.

தரையில் விரலளவுள்ள கதிர், விமானத்தை அடையும்போது விமானி அறையின் கண்ணாடி முழுவதையும் ஒளிரச் செய்யும். கண்ணாடியின் கீறல்களிலும் தூசியிலும் அது சிதறி, வெளியே எதுவும் தெரியாத திரையாக மாறும். தரையிறங்கும் விமானம் விநாடிக்குச் சுமார் 70 மீட்டர் நகர்கிறது. நான்கைந்து விநாடி கண் கூசினால், கால் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை விமானி கண்ணை மூடிக்கொண்டு கடப்பதாக அர்த்தம்.

கடலிலும் இதே கதைதான். விழிஞ்ஞத்துக்கு வரும் ராட்சதக் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் நடத்திவருபவர்கள் துறைமுக பைலட்டுகள். இருட்டுக்குப் பழகிய கண்களோடு, மிதவை விளக்குகளையும் இழுவைப் படகுகளின் விளக்குகளையும் பார்த்தே அவர்கள் வழிநடத்துகிறார்கள். 1972-ஆம் ஆண்டு முதல் ஒளிரும் விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் அந்தக் கடற்பகுதியின் அடையாளம். இருளுக்குப் பழகிய கண்ணில் ஒருமுறை கூசும் ஒளி பட்டால், மீண்டும் பழகப் பல நிமிடங்கள் தேவைப்படும். கப்பலோ நின்ற இடத்தில் நின்றுவிடாது.

மீனவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் விழிஞ்ஞம், பூந்துறை முதல் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை வரை எத்தனையோ குடும்பங்கள் வாழ்வாதாரமாக இருந்தவர்களைப் பறிகொடுத்தன. கடலில் தத்தளிப்பவர் தன் இருப்பிடத்தைக் காட்ட வலிமையான விளக்கு ஒன்றை விரும்புவது இயல்பு. ஆனால் தேடி வரும் ஹெலிகாப்டரை நோக்கி 1 வாட் லேசரைப் பாய்ச்சுவது, காப்பாற்ற வருபவரின் கண்ணைக் கட்டிவிடுவதாகும். இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கை அனுப்பி செயற்கைக்கோள் வழியாகச் செய்தி சொல்கிறது. சமிக்ஞை வெடிகள் உள்ளன. இவை ஒவ்வொரு படகுக்கும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்துவிட்டால், லேசரைத் தேடும் அவசியம் மீனவர்களுக்கு ஏற்படாது.

சட்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாலுமியைத் திசைதிருப்பும் நோக்கத்தோடு பொய்யான விளக்கைக் காட்டுவது 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திலேயே ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 283-ஆவது பிரிவிலும் அது குற்றமாகத் தொடர்கிறது. 1937-ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளும் ‘பொய் விளக்குகள்’ பற்றிப் பேசுகின்றன. பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதற்கான பொதுவான பிரிவுகளும் உள்ளன. விளக்கு என்றால் எண்ணெய்த் திரியாக இருந்த காலத்திலேயே, தவறான ஒளி ஒரு கப்பலையே மூழ்கடிக்கும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

ஆனால் இந்தச் சட்டங்கள் அனைத்தும் குற்றம் நடந்த பிறகு குற்றவாளியைத் தேடுபவை. லட்சக்கணக்கானோர் வாழும் நகரில், ஏதோ ஒரு மொட்டைமாடியிலிருந்து சில விநாடிகள் பாய்ந்து மறைந்த கதிரைப் பாய்ச்சியவரைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சென்னைக் காவல்துறை அனுபவத்தில் அறியும். கொல்கத்தாவில் 2021-ஆம் ஆண்டு துர்கா பூஜையின்போது, துபாயின் புர்ஜ் கலீஃபா வடிவப் பந்தலில் நடத்தப்பட்ட லேசர் காட்சி, விமானிகள் புகார் கூறிய பிறகுதான் நிறுத்தப்பட்டது. பொது இடத்தில் பந்தல் போட்டு நடத்திய காட்சிக்கே இந்த நிலை என்றால், பாக்கெட்டில் இருக்கும் விளக்கை யார் கண்காணிப்பது?

பயன்பாட்டை மட்டும் தடுத்து, விற்பனையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு விழிஞ்ஞம் கடலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. எல்.இ.டி. விளக்குகளைப் போட்டு மீன்களை ஈர்த்துப் பிடிப்பதை 2017 நவம்பரில் மத்திய அரசு தடை செய்தது. விளக்கும் ஜெனரேட்டரும் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. கேரளத்தின் கடல்சார் அமலாக்கப் பிரிவு விழிஞ்ஞத்தில், தமிழகத்திலிருந்து வந்தவை உள்ளிட்ட படகுகளைப் பிடிப்பதும் அபராதம் விதிப்பதும் தொடர்கதையாக இருக்கிறது. தடை காகிதத்தில், விளக்கு கடலில் என்ற அதே நிலை லேசருக்கும் வரத் தேவையில்லை.

உலக நாடுகள் பல இதை வாசலிலேயே தடுத்திருக்கின்றன. சிட்னியில் விமானங்கள் மீது லேசர் பாய்ச்சப்பட்டதைத் தொடர்ந்து, 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கையடக்க லேசர் சுட்டிகளை அனுமதியின்றி இறக்குமதி செய்ய 2008-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா தடை விதித்தது. பிரிட்டன் 2018-இல் இயற்றிய சட்டம் விமானத்துடன் கப்பல், ரயில், சாலை வாகனங்களையும் சேர்த்து, லேசர் பாய்ச்சுவோருக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. அமெரிக்கா 2012-லேயே விமானத்தின் மீது லேசர் பாய்ச்சுவதைக் கூட்டாட்சிக் குற்றமாக்கியது. ஆனால் வலிமையான லேசர்கள் அங்கே சந்தையில் எளிதாகக் கிடைத்ததால், 2023-ஆம் ஆண்டில் மட்டும் 13,304 சம்பவங்கள் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் பதிவாயின. தண்டனை கடுமையாக இருந்தால் போதாது, பொருள் கிடைப்பதையும் கட்டுப்படுத்த வேண்டும் என்பதற்கு இந்த எண்ணே சாட்சி. முத்திரையை நம்பவும் முடியாது. அமெரிக்கத் தர அளவியல் நிறுவனம் 2013-இல் 122 லேசர் சுட்டிகளைச் சோதித்தபோது, பச்சைச் சுட்டிகளில் பத்தில் ஒன்பதும், சிவப்பில் பத்தில் நான்குக்கு மேலும் 5 மில்லிவாட் வரம்பை மீறியிருந்தன.

கட்டுப்பாடு என்றவுடன் எழும் எதிர்வாதங்களையும் பார்க்க வேண்டும். வானியல் ஆர்வலர்கள் நட்சத்திரங்களைக் காட்ட லேசர் பயன்படுத்துகிறார்கள். அதற்கு 5 மில்லிவாட் பச்சை ஒளியே போதும். கண்ணுக்கு மங்கலான நீலம் அதற்குப் பொருத்தமே இல்லை. ஆசிரியருக்கு 1 மில்லிவாட் தாராளம். மரத்திலும் தோலிலும் எழுத்துப் பொறிக்கும் சிறு தொழிலாளருக்கு நீல லேசர் தேவைதான். ஆனால் அது மூடிய பெட்டிக்குள் இயந்திரத்தில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கையில் பிடித்துச் சுழற்றுவதாக இருக்கக் கூடாது. ஒலி, ஒளி அமைப்பாளர்களின் பிழைப்பு கெடும் என்ற கவலையும் புறக்கணிக்கத்தக்கது அல்ல. அவர்களுக்கு உரிமமும் பயிற்சியும் தருவதே அதற்கு விடை. இப்படி ஒவ்வொரு தேவையையும் எடுத்துப் பார்த்தால், 1 வாட் நீல லேசரைக் கையடக்க விளக்காக வைத்திருக்க வேண்டிய அவசியம் பொதுமக்களில் எவருக்கும் இல்லை என்பது தெளிவாகும்.

மத்திய அரசு செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதலாவதாக, 5 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கையடக்க லேசர்களை உரிமம் பெற்ற நிறுவனங்களைத் தவிர மற்றவர்கள் இறக்குமதி செய்யவும் விற்கவும் தடை வேண்டும். இரண்டாவதாக, லேசர் பாதுகாப்புக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ள ஐ.எஸ். 14624 தரத்தைக் கையடக்க லேசர்களுக்குக் கட்டாயமாக்கி, ஒளித்திறன், அலைநீளம், வகை ஆகியவற்றை வட்டார மொழியிலும் பொறிக்கச் செய்ய வேண்டும். மூன்றாவதாக, இணைய விற்பனைத் தளங்களைப் பொறுப்பேற்க வைக்க வேண்டும். இருக்கைப் பட்டை எச்சரிக்கை ஒலியை ஏமாற்றும் கிளிப்புகளை 2023-இலும், அனுமதியற்ற வாக்கி-டாக்கிகளை 2025-இலும் இணையச் சந்தையிலிருந்து அகற்ற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அதே அதிகாரத்தை லேசர் விஷயத்தில் பயன்படுத்தப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. நான்காவதாக, விமானத்துக்கு மட்டுமன்றிக் கப்பலுக்கும் மீன்பிடிப் படகுக்கும் வாகனங்களுக்கும் பொருந்தும் வகையில், திசைதிருப்பும் நோக்கம் இருந்ததா என்ற கேள்விக்கு இடமில்லாமல், லேசர் பாய்ச்சுவதையே தனிக் குற்றமாக்க வேண்டும்.

இவற்றை முதலில் நடைமுறைப்படுத்திக் காட்ட விழிஞ்ஞத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. விமான நிலையம், துறைமுகம், கடலோரக் காவல்படை நிலையம், மீன்பிடித் துறைமுகம், சுற்றுலாத் துறை எல்லாம் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. ஒருங்கிணைப்பு முடியாது என்று திருவனந்தபுரத்தில் எவரும் சொல்லிவிட முடியாது. பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், விமான ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, சில மணி நேரம் விமானங்களை நிறுத்தி, அந்த மரபு காக்கப்படுகிறது. கோயில், காவல்துறை, விமான நிலையம் மூன்றும் பேசி ஒரு முடிவுக்கு வர முடிகிறது என்றால், கடற்கரை விழாக்களிலும் விடுதிக் கேளிக்கைகளிலும் லேசர் காட்சி நடத்துவோர் முன்அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாட்டையும் செய்ய முடியும். பள்ளிகளிலும், தேவாலய, பள்ளிவாசல், மீனவர் சங்கக் கூட்டங்களிலும் மலையாளத்திலும் தமிழிலும் எச்சரிக்கை சொல்லப்பட வேண்டும். குமரி மாவட்ட மக்களுக்கும் அருகிலுள்ள விமான நிலையம் திருவனந்தபுரம்தான் என்பதால், இது கேரளத்தின் பிரச்னை என்று தமிழகம் ஒதுங்கி நிற்கவும் முடியாது.

ஆய் மன்னர்கள் காலத்திலிருந்து கடலோடிகளுக்குத் துறையாக இருந்துவரும் ஊர் விழிஞ்ஞம். அதன் புதிய துறைமுகத்துக்காகப் பல்லாயிரம் கோடி ரூபாய் செலவிடப்பட்டிருக்கிறது. அதை அடையும் கப்பலின் பாதுகாப்பும், அதன் மேல் பறக்கும் விமானத்தின் பாதுகாப்பும், அதன் கரையில் விளையாடும் குழந்தையின் கண்ணும் ஒரு சிறு குழாயின் பொத்தானை யார் அழுத்துகிறார் என்பதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்று கேட்பது தமிழர் வழக்கம். லேசர் விஷயத்தில் அது வெறும் பழமொழி அல்ல, மருத்துவ உண்மை. மங்கலாகத் தெரிகிறது என்பதற்காக ஆபத்தைச் சிறிதாக நினைக்கும் தவறைக் கண் செய்யலாம். அரசு செய்யக் கூடாது.